கம்பஸ் போகிற பிள்ளைகளுக்கு

எம்பிலிப்பிட்டியவில் பஸ் ஏறி, கொடக்கவெல, காவத்தை, பெல்மதுளை என்று மேலே போய், அங்கே இறங்கிப் பலாங்கொடைப் பாதையில் பெலிஹுல்ஓயாவுக்குப் போகும் பிள்ளைகள் போவதற்கு முதல்நாள் என்னிடம் சொல்லிவிட்டுப் போக வருவார்கள். சபரகமுவப் பல்கலைக்கழகம் 1996இல் தொடங்கிய பிறகு இது நடக்கிறது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, பேராதனை என்று தூரம் போகிறவர்களும் உண்டு. நான் காவத்தைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொங்கல் காம்பராவில் பிறந்து வளர்ந்து, கம்பஸ் போய், முப்பது வருடத்துக்கு மேல் படிப்பித்து ஓய்ந்தவன். வருகிற பிள்ளைகளுக்கு வாயால் சொல்வதை இந்த முறை எழுதித் தருகிறேன்.

1. உயர்தரத்துக்குப் படித்த முறையை அங்கே கொண்டுபோகாதீர்கள். இங்கே ரியூஷன் சேர் குறிப்புக் கொடுத்தார், கடைசி மூன்று மாதம் இரவு பகலாகக் கடந்தகால வினாத்தாள் செய்தீர்கள், வெட்டுப்புள்ளியைத் தாண்டினீர்கள். கம்பஸில் ஒரு செமஸ்டர் ஏறத்தாழ 15 வாரம். மூன்றாவது வாரத்தில் ஒப்படை வரும், எட்டாவது வாரத்தில் இடைப்பரீட்சை வரும். நீங்கள் படிக்கிறீர்களா என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்காதபடியால் நாள் நிறைய இருப்பதுபோலத் தெரியும். முதல் வருடத்தில் விழுகிற பிள்ளைகளில் அதிகம் பேர் அந்த நினைப்பால்தான் விழுகிறார்கள்.

2. அன்று கேட்ட விரிவுரையை அன்றிரவே எடுத்துப் பாருங்கள். அரை மணித்தியாலம் போதும். தேயிலையில் ஏழு நாளுக்கு ஒருமுறை ரவுண்டு வரவேண்டும் என்பது உங்கள் அம்மாவுக்குத் தெரியும். ஒரு ரவுண்டு தவறினால் கொழுந்து முத்திப்போகும். அடுத்த ரவுண்டில் பறித்தாலும் பக்டரியில் அதற்கு மதிப்பில்லை. பாடமும் அப்படித்தான். ஜெர்மனியில் எபிங்ஹவுஸ் என்பவர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறோம் என்று அளந்து 1885இல் புத்தகமாக வெளியிட்டார். மறதி முதல் நாளிலேயே வேகமாக நடந்துவிடுகிறது, பிறகு மெதுவாகிறது என்று கண்டார். ஆகவே அன்றிரவு ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை. பரீட்சைக்கு முதல் இரவு பத்து மணித்தியாலம் இருப்பதை இதோடு ஒப்பிடவே முடியாது.

3. புத்தகத்தை மூடுங்கள். இந்தக் காகிதத்தில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்.

கம்பஸில் என் முதல் வருடம். குறிப்புக் கொப்பியை ஒன்பது தடவை, பத்துத் தடவை வாசித்தேன். எந்தப் பக்கத்தில் எது இருக்கிறது, எந்த வரியின் கீழ் சிவப்புக் கோடு இருக்கிறது என்பதெல்லாம் கண்ணுக்குள் நின்றது. எனக்கு எல்லாம் தெரியும் என்றே மண்டபத்துக்குப் போனேன். வினாத்தாளை விரித்ததும் கோடு ஞாபகம் வந்தது, கோட்டுக்கு மேலே இருந்த வரி வரவில்லை. அந்தப் பாடத்தில் நான் தவறினேன். லயத்தில் என் அப்பாவிடம் அதைச் சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆனது.

பல வருடம் கழித்துத்தான் காரணம் விளங்கியது. 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களைப் பிரித்து ஒரே உரைப்பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் அதைத் திரும்பத் திரும்ப, சராசரியாகப் பதினான்கு தடவை வாசித்தார்கள். இன்னொரு பகுதியினர் மூன்று நான்கு தடவை வாசித்துவிட்டு, தாளை மூடி, ஞாபகம் வந்ததை மூன்று முறை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, மூடி எழுதியவர்களுக்கு 61 வீதம் ஞாபகம் இருந்தது, வாசித்தவர்களுக்கு 40 வீதம். திரும்ப வாசிக்கும்போது பாடம் கண்ணுக்குப் பழகுகிறது. அந்தப் பழக்கத்தை அறிவு என்று நம்பித்தான் நான் ஏமாந்தேன்.

செய்யவேண்டியது இதுதான். ஒரு பகுதியை வாசியுங்கள். மூடுங்கள். வெள்ளைத்தாளில் தெரிந்ததை எழுதுங்கள். திறந்து, விட்டதை வேறு நிறத்தில் எழுதிச் சேருங்கள். முதல் வாரம் மிகவும் கஷ்டமாக இருக்கும், தாளில் பாதிதான் நிரம்பும். அந்தக் கஷ்டம்தான் படிப்பு, அதைப் பார்த்து விட்டுவிடாதீர்கள்.

4. ஆங்கிலம். உங்களில் பலர் இரவில் அழுவது இதற்காகத்தான் என்று எனக்குத் தெரியும். பதின்மூன்று வருடம் தமிழில் படித்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை காலையில் எல்லாம் ஆங்கிலமாகிவிடுகிறது. பக்கத்தில் கொழும்புப் பிள்ளை தலையாட்டிக்கொண்டு எழுதும். உங்களுக்கு மூளை குறைவு என்று தோன்றும். அது பொய். உங்களுக்குப் பாடம் தெரியாமல் இல்லை, சொல் தெரியவில்லை. சொல்லை எண்ணி எண்ணிச் சேர்க்கலாம்.

ஒரு சின்னக் கொப்பியில் மூன்று நிரல் போடுங்கள்: ஆங்கிலச் சொல், தமிழில் அதன் பொருள், நீங்களே கண்டுபிடித்த ஓர் உதாரணம். உதாரணம் உங்கள் ஊரிலிருந்து வரட்டும். மண்ணரிப்பு என்றால் உங்கள் லயத்துக்குப் பின்னால் இருக்கும் சரிவு, நீர்ப்பாசனம் என்றால் உடவளவை வாய்க்கால். ஒரு நாளைக்குப் பத்துச் சொல் என்றால் ஒரு செமஸ்டரில் ஆயிரம். விளங்கிக்கொள்வது தமிழிலேயே நடக்கட்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மூன்றாம் விதியில் சொன்ன வெள்ளைத்தாளை ஆங்கிலத்தில் எழுதுங்கள். பிழையோடு எழுதுங்கள். பரீட்சை மண்டபத்தில் கை அந்த மொழியில்தானே ஓடவேண்டும்.

5. குப்பிக்குப் போங்கள். சீனியர் பிள்ளைகளும் பெட்ச் பிள்ளைகளும் பரீட்சைக்கு முன் கூடிச் சொல்லிக்கொடுப்பதை இலங்கைக் கம்பஸ்கள் எல்லாவற்றிலும் குப்பி என்கிறார்கள். குப்பி விளக்கிலிருந்து வந்த பெயர் அது. கரண்ட் வராத காலத்தில் எங்கள் லயத்து இஸ்தோப்பில், மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்ட ஒரு போத்தலைச் சுற்றி ஐந்து பிள்ளைகள் இருந்து படித்தோம், ஆகவே அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு மனம் நிறையும். சிங்களப் பிள்ளைகள் வைக்கும் குப்பிக்கும் போங்கள். எம்பிலிப்பிட்டியவில் வளர்ந்த உங்களுக்கு அந்த மொழி ஒரு தடையில்லை. இரண்டாம் வருடத்தில் நீங்களே ஒரு பாடத்துக்குக் குப்பி வையுங்கள். மற்றவனுக்குச் சொல்லும்போது எந்த இடத்தில் வாய் திக்குகிறதோ, அந்த இடம் உங்களுக்கு விளங்கவில்லை.

6. வரவு 80 வீதத்துக்குக் கீழே போகவிடாதீர்கள். பெரும்பாலான பீடங்களில் அதற்குக் குறைந்தால் பரீட்சை எழுத முடியாது. ரிபீட் எழுதினால் பொதுவாக சி-க்கு மேல் கிடைக்காது.

7. தூங்குங்கள். ரப்பர் மரத்தை ஒன்றுவிட்ட ஒரு நாள் வெட்டுகிறோம். தினமும் ஆழமாக வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுபோகும். விடியற்காலைக் குளிரில் வெட்டினால் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் ஓடாது. உங்கள் மூளைக்கும் அப்படி ஒரு நேரம் உண்டு, அதைக் கண்டுபிடித்துக் கஷ்டமான பாடத்தை அங்கே வையுங்கள். படிக்கும்போது போன் அதே மேசையில் இருக்கக்கூடாது. கவிழ்த்து வைப்பது போதாது. அறைத் தோழரிடம் கொடுங்கள்.

8. வீட்டை நினைத்து வருகிற குற்ற உணர்ச்சி பற்றி. அம்மா மலையில் நிற்கிறாள், நான் இங்கே மரத்தடியில் இருந்து வாசிக்கிறேன் என்று சில பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டுக் கொழும்புக் கடைகளுக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். மகாபொல, பர்சரி உதவித்தொகை இரண்டுக்கும் நேரத்துக்கு விண்ணப்பியுங்கள், கிடைக்காவிட்டால் மாணவர் ஆலோசகரிடம் போய்ச் சொல்லுங்கள். உங்கள் அம்மா அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழாமல் இருக்க மழையில் நின்று கிலோ நிரப்புகிறவள். அவள் உங்களிடம் கேட்கிற வேலை படிப்பு. அதை அவள் வேலை மாதிரியே, நேரத்துக்குப் போய், நாள் தவறாமல் செய்யுங்கள்.

9. விடுமுறையில் வரும்போது இரண்டு மணித்தியாலம் உங்கள் தோட்டத்துப் பாடசாலைப் பிள்ளைகளோடு இருங்கள். தமிழில் விஞ்ஞானமும் கணிதமும் உயர்தரத்துக்குப் படிக்க இந்த மாவட்டத்தில் இடம் குறைவு, அதற்காக வெளி மாவட்டம் போகிற பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். போக வசதியில்லாதவர்கள் அதைவிட அதிகம். சித்திரைப் புத்தாண்டுக்கு வருவீர்கள்தானே? வரும்போது அந்த மூன்று நிரல் கொப்பியையும் எடுத்துவாருங்கள்.