தராசின் தேய்மானமும் சங்கத்தின் லாபமும்

பனவடலிசத்திரத்துக் கரிசலில் விளையும் பருத்தியையும் உளுந்தையும் நிறுப்பதற்குச் சங்கமொன்று 24,000 ரூபாய்க்குத் தராசு வாங்குவதாகக் கொள்க. வண்டிச் சத்தமும் பொருத்துகூலியும் 1,000 ரூபாய். இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் 10ஆம் கணக்கியல் தரநிலைப்படி இவையும் கிரயத்திற் சேரும். ஆகவே ஆஸ்திப் பேரேட்டில் பதியவேண்டிய தொகை 25,000. பின்னர் நேரும் சில்லறைப் பழுதுபார்ப்பு அவ்வருஷத்துச் செலவேயன்றி ஆஸ்தியாகாது.

தராசு பத்து வருஷம் உழைத்து, முடிவில் பழைய இரும்பாக 1,000 ரூபாய்க்கு விலைபோகுமாயின், வருஷந்தோறும் 2,400 ரூபாயைத் தேய்மானமாக லாப நஷ்டக் கணக்கில் பற்றெழுத வேண்டும். நான்காம் வருஷ முடிவில் ஐந்தொகையில் அதன் மதிப்பு 15,400. கிடங்குக் கட்டடமும் இவ்வாறே தேயும். அது நிற்கும் மனைக்குத் தேய்மானமில்லை.

ரொக்கம் வெளியே போகாதிருக்கச் செலவெழுதுவானேன் என்று அங்கத்தினர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ரொக்கம் தராசு வாங்கிய அன்றே போயிற்று. அந்தச் செலவையே உழைக்கும் வருஷங்களுக்குப் பகிர்ந்தெழுதுகிறோம். தேய்மானம் எழுதாத ஏட்டில் 10,000 ரூபாயாகத் தோன்றும் லாபம் உண்மையில் 7,600தான். மிகுதி 2,400ஐயும் டிவிடெண்டாகப் பங்கிட்டுக்கொள்வோர் தங்கள் பங்குமூலதனத்தையே உண்கின்றனர். தராசு ஓய்ந்துபோகும் நாளில் பெட்டியில் பணமிராது. புதியது வாங்கக் கடன்பத்திரமே எழுத நேரும். ஏட்டில் எழுதியதோடு நில்லாமல், அத்தொகையை வருஷந்தோறும் வங்கியில் தனிக்கணக்கில் இட்டுவைப்பது நலம்.