ஆங்கிலம் படிப்போம்: அகராதியும் காணி உறுதியும்

இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களிடம் வேறெது இல்லாவிட்டாலும் ஒரு பொலித்தீன் பைக்குள் சில கடதாசிகள் இருக்கும். காணி உறுதி, அனுமதிப்பத்திரம், நில அளவைப் படம், அல்லது அவற்றின் பிரதிகள். உறுதி தமிழில் இருந்தாலும் படம் பல வேளைகளில் ஆங்கிலத்திலேயே இருக்கும். இம்முறை அந்தக் கடதாசிகளையே பாடப் புத்தகமாக வைத்து அகராதி பார்க்கும் முறையைப் படிப்போம்.

எமது மாலை வகுப்புக்கு ஒரு தகப்பனார் தமது காணிப் படத்தைக் கொண்டுவந்தார். மகள் அதில் 'பேர்ச்' என்ற சொல்லைக் கண்டு அகராதியைப் புரட்டி, முதலில் இருந்த பொருளை உரத்து வாசித்தாள்: ஒருவகை நன்னீர் மீன். "எங்கட காணியிலை மீன் எங்கையிருந்து வந்தது, பிள்ளை?" என்று தகப்பன் கேட்க வகுப்பே சிரித்தது. பிள்ளை தேடியது சரியான சொல்லைத்தான். முதற் பொருளோடு நின்றுவிட்டாள், அவ்வளவுதான். பறவை தங்கும் கொம்பு, நில அளவு என்ற பொருள்களும் கீழே இருந்தன. சில அகராதிகளில் ஒரே எழுத்துக்கூட்டல் 1, 2 என எண்ணிட்டு இரண்டு தரம் வரும். இரண்டையும் பார்க்கவேண்டும்.

40 பேர்ச் ஒரு ரூட்; 4 ரூட் ஒரு ஏக்கர். ('ரூட்' என்று தேடினால் சிலுவை என்ற பொருளும் கிடைக்கும்!) படத்தில் 0-2-15 என்றிருந்தால் ஏக்கர் இல்லை, 2 ரூட், 15 பேர்ச், ஆக 95 பேர்ச். யாழ்ப்பாணத்து மேட்டுக்காணிக் கணக்கில் ஒன்பதரைப் பரப்பு. மீன் என்று வாசித்தால் சிரித்துவிட்டுப் போகலாம். அந்த 2ஐ ஏக்கர் என்று நினைத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு அலைச்சல்தான்.

சொல்லைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் அப்பக்கத்தின் முதற் சொல்லும் கடைசிச் சொல்லும் அச்சிடப்பட்டிருக்கும். உங்கள் சொல் இரண்டுக்கும் இடையில் வருமா என்று பார்த்துப் புரட்டினால் போதும். ஆங்கில எழுத்து வரிசை மட்டும் மனப்பாடமாக இருக்கவேண்டும்.

சிலவேளை சொல் அகப்படாது. ஆங்கில உறுதியில் எல்லைகளைச் சொல்லும் இடத்தில் 'பவுண்டட்' என்று இருக்கும். சிறிய அகராதியில் அது தனிச்சொல்லாக இராது. கடைசியிலுள்ள இ, டி என்ற இரண்டு எழுத்தையும் நீக்கிவிட்டு 'பவுண்ட்' என்று தேடுங்கள். கட்டப்பட்ட, துள்ளு, எல்லை என்று மூன்று விதமாக வரும். இனி உறுதியைத் திரும்பப் பாருங்கள். அச்சொல்லுக்குப் பின்னால் வடக்கு, கிழக்கு என்று திசைகளும் அயற்காணிக்காரர் பெயர்களும் இருக்கின்றன. அப்படியானால் எந்தப் பொருள் என்று நாம் சொல்லவேண்டியதில்லை. அகராதியில் விரல் வைத்த பிறகு மறுபடி கடதாசிக்கு வருவதுதான் பலரும் செய்யாமல் விடும் வேலை.

இன்னொன்று. 'டீட்' என்று பார்த்தால் செயல் என்றே முதலில் இருக்கும். தொடர்ந்து பத்திரம் என்று வரும். நாம் உறுதி என்பதைத் தமிழ்நாட்டில் பத்திரம் என்பார்கள். எங்கள் கையிலுள்ள அகராதிகள் பல அங்கே அச்சானவை. ஆகவே அகராதியிலுள்ள தமிழ்ச்சொல்லுக்கும் சிலவேளை எங்கள் ஊர்ச்சொல்லைத் தேடவேண்டியிருக்கிறது. 'கிராண்ட்' என்பதும் அப்படியே: மானியம், கொடை என்றிருக்கும், அரச காணிக் கடதாசியில் அது அளிப்பு.

கண்ட சொல்லை ஒரு கொப்பியில் எழுதுங்கள். சொல்லை மாத்திரமல்ல, அது இருந்த முழு வரியையும் எழுதுங்கள். உறுதியின்மேல் மட்டும் பேனையாலோ பென்சிலாலோ எதையும் குறிக்கவேண்டாம். அகராதி வாசிக்க உதவும். பங்கு, உரித்து பற்றிய சந்தேகத்தை நொத்தாரிசிடமே கேளுங்கள். கேட்கப் போகுமுன் வாசித்துவிட்டுப் போனால் எதைக் கேட்பதென்று தெரிந்திருக்கும்.

பயிற்சி: 'டைட்டில்', 'இன்ரறெஸ்ட்', 'லொட்'. இம்மூன்று சொற்களுக்கும் அகராதியிலுள்ள எல்லாப் பொருளையும் கொப்பியில் எழுதி, காணிக் கடதாசிக்குப் பொருந்துவதன் கீழ்க் கோடிடுங்கள். 'இன்ரறெஸ்ட்' என்பதைக் கடன் படிவத்திலும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.