கல்லறையும் உயிலும்

மறைந்த தலைவரை எவ்வாறு போற்றுவது என்பதை வாழ்வோரே முடிவு செய்கின்றனர். ஆனால் மறைந்தவர் தம் விருப்பத்தை எழுதி வைத்திருந்தால் என் செய்வது? வியட்நாமின் தலைநகராகிய ஹனோய்க்குச் சென்றபோது இவ்வினா என் உள்ளத்தில் எழுந்தது.

அந்நகரின் பா தின் சதுக்கத்தில்தான் 1945 செப்டம்பர் 2ஆம் நாள் ஹோ சி மின் தம் நாட்டின் விடுதலையை உலகறிய முழங்கினார். 1969இல் அதே செப்டம்பர் 2ஆம் நாள் அவர் மறைந்தார். அச்சதுக்கத்தை நோக்கியவாறு 21.6 மீட்டர் உயரத்தில் அவருடைய கல்லறை மாளிகை நிற்கிறது. மாஸ்கோவிலுள்ள லெனின் கல்லறையை ஒட்டி அமைந்த அம்மாளிகையின் பணி 1973இல் தொடங்கி 1975 ஆகஸ்டில் முடிந்தது.

நானும் வரிசையில் நின்றேன். உள்ளே பேசலாகாது, படம் எடுக்கலாகாது, நடந்துகொண்டேதான் காணவேண்டும். கண்ணாடிப் பேழையுள் அவர் உறங்குவார்போல் கிடந்தார். எனக்கு முன்னே சென்ற மூதாட்டி ஒருவர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

அவரோ கேட்டது வேறு. தம் உடலை எரியூட்டவேண்டும். சாம்பலை மூன்றாகப் பகுத்து நாட்டின் வடக்கிலும் நடுவிலும் தெற்கிலும் குன்றுகளில் புதைக்கவேண்டும். கற்பலகையும் வெண்கலச் சிலையும் வேண்டா. காண வருவோர் மரம் நடட்டும். இவ்வாறு உயிலில் எழுதினார். எரியூட்டினால் விளைநிலம் வீணாகாது என்றும் காரணம் காட்டினார். 1969இல் வெளியிட்ட உயிலில் இப்பகுதி இல்லை. 1989இல்தான் மக்கள் இதனை அறிந்தனர்.

ஆட்சியாளர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. நாடு இரண்டாகப் பிரிந்து போர் நடந்த காலம் அது. போர் முடிந்தபின் தென்பகுதி மக்களும் வந்து தம் தலைவரைக் காணவேண்டும் என்று அவர்கள் எண்ணினர். அம்மூதாட்டியின் கண்ணீரைக் கண்டபின் அவ்வெண்ணத்தை வீண் என்று நான் சொல்லமாட்டேன். மக்களின் அன்பில் பிழையில்லை. மறைந்தவர் சொல்லை இருபதாண்டுகள் மறைத்ததே பிழை.

மாளிகைக்குப் பின்னே, 1958 முதல் அவர் வாழ்ந்த சிறிய மரவீடு இருக்கிறது. தூண்கள்மேல் எழுப்பிய எளிய வீடு. அவர் உயிலுக்கு அதுவே சான்று என எனக்குத் தோன்றியது.

நண்பர்களே, எந்த நினைவிடத்திற்குச் சென்றாலும் இரண்டு வினாக்களை உடன்கொண்டு செல்லுங்கள்: இதனைக் கட்டியவர் யார்? உள்ளே இருப்பவர் வேண்டியது என்ன? இரண்டிற்கும் விடை தேடுவதே வரலாற்றுக் கல்வி.