கணிப்பொறியில் ஓவியம் திருத்துவோம்

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவர் ஒருவர்)

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது பழமொழி. கணிப்பொறியில் ஓவியம் தீட்டுவோர்க்கும் அது பொருந்தும். இங்கே சுவர் என்பது மூலப்படம். அதைக் காத்துக்கொண்டால் எத்தனை முறை வேண்டுமானாலும் தீட்டிப் பார்க்கலாம். இதனை நான் ஒரு தவற்றின் வாயிலாகவே கற்றேன்.

காலஞ்சென்ற என் பாட்டியை, அவர் இருந்தபோது வெள்ளைத்தாளில் பென்சிலால் வரைந்திருந்தேன். தாளின் ஓரத்தில் தேநீர்க் கறை படிந்துவிட்டது. அதனை ஸ்கேன் செய்து திருத்திச் சட்டமிட விரும்பினேன். கறையோடு நில்லாமல், அழகூட்டுவதாக எண்ணி முகத்துச் சுருக்கங்களையும் அழித்தேன். பழைய கோப்பின் பெயரிலேயே சேமித்தும் விட்டேன். படத்தைப் பார்த்த அம்மா, "யாருடா இது?" என்றார். நல்லவேளை, தாள் பத்திரமாக இருந்தது. மீண்டும் தொடங்கினேன். அப்போது கற்றவற்றை நண்பர்களுக்குக் கூற விழைகிறேன்.

நான் பயன்படுத்தியது 'கிம்ப்' என்னும் விலையில்லா மென்பொருள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பயின்ற ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்னும் இரு மாணவர்கள் 1995இல் இதனைத் தொடங்கினர், 1996இல் வெளியிட்டனர். இதனை எவரும் பயன்படுத்தலாம், நிரலைப் படித்துத் திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். 2025இல் இதன் 3.0 பதிப்பு வெளிவந்தது. நம்மைப் போன்ற மாணவர் இட்ட வித்து இன்று உலகெங்கும் பயன் தருகிறது.

ஒளியும் நிழலும்

முதலில் செப்பனிட வேண்டியது வண்ணத்தை அன்று, ஒளியை. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் கருமை 0 முதல் வெண்மை 255 வரை ஓர் அளவு உண்டு. 'லெவல்ஸ்' என்னும் பகுதியைத் திறந்தால் இவ்வளவுகளின் பரவல் குன்று போலத் தோன்றும். என் படத்தில் குன்று நடுவிலேயே ஒடுங்கிக் கிடந்தது. அதாவது, தாள் வெண்மையாகவும் இல்லை, பென்சில் கருமையாகவும் இல்லை. இடப்புறக் குறியைக் குன்று தொடங்கும் இடத்திற்கும், வலப்புறக் குறியை அது முடியும் இடத்திற்கும் நகர்த்தியதும் படம் தெளிந்தது. அளவு மீறி நகர்த்தினால் மென்மையான நிழல்கள் மறைந்துவிடும் என்பதை மறவாதீர்.

அடுக்குகள்

கிம்பில் ஒன்றன்மேல் ஒன்றாக 'லேயர்' எனும் அடுக்குகளை அமைக்கலாம். கண்ணாடித் தாள்களை அடுக்கியது போன்றது இது. பென்சில் வரைவை மேலேயும் வண்ணத்தைக் கீழேயும் வைத்து, மேலடுக்கின் நிலையை 'மல்டிப்ளை' என மாற்றினேன். இதன் தத்துவம் எளிய பெருக்கலே. வெண்மையை 1 என்றும் கருமையை 0 என்றும் கொள்வோம். எதை 1ஆல் பெருக்கினாலும் மாறாது. எனவே வெள்ளைத்தாள் மறைந்து வண்ணம் தெரியும். எதை 0ஆல் பெருக்கினாலும் 0. எனவே கருங்கோடு கோடாகவே நிற்கும்.

அழிக்காமல் மறைத்தல்

அழிப்பானைவிட 'மாஸ்க்' எனும் மறைப்பே சிறந்தது. அதில் கருப்பைத் தீட்டினால் அடுக்கின் அப்பகுதி மறையும். வெள்ளையைத் தீட்டினால் திரும்பத் தோன்றும். சாம்பல் நிறம் பாதி மறைக்கும். மனம் மாறினாலும் இழப்பில்லை.

சேமிக்கும் முறை

வேலை முடியும்வரை கிம்பின் சொந்த வடிவமான எக்ஸ்.சி.எஃப். கோப்பாகவே சேமியுங்கள், அடுக்குகள் அப்படியே இருக்கும். ஜேபெக் வடிவில் அடுக்குகள் ஒன்றாகிவிடும், நுண்விவரங்களும் குறையும். பிறர்க்கு அனுப்பும் படியை மட்டும், வேறு பெயரில், ஜேபெக் ஆகவோ பி.என்.ஜி. ஆகவோ எடுக்கலாம்.

இரண்டாம் முறை மூலப்படத்தின் படியொன்றில் 'ஹீலிங்' கருவியால் தேநீர்க் கறையை மட்டும் நீக்கினேன். சேலைக்கு மெல்லிய பச்சை தீட்டினேன். சுருக்கங்களைத் தொடவில்லை. அச்சிட்டு அம்மாவிடம் கொடுத்தேன். இம்முறை அவர் யாரென்று கேட்கவில்லை.

மேம்படுத்துதல் என்பது படத்தில் உள்ளதைத் துலக்குவதே, மாற்றிவிடுவது அன்று. கருவி விலையின்றிக் கிடைக்கிறது. எதை விட்டுவைப்பது என்னும் தெளிவை நாமே தேடிக்கொள்ள வேண்டும். நண்பர்களே, உங்கள் பழைய வரைவொன்றை எடுத்து இன்றே தொடங்குங்கள். முதலில் அதற்கொரு படி எடுத்து வையுங்கள்!