ஒரு கிரில், இரண்டு பெட்டிகள்

எங்கள் படகில் இப்போது இருப்பது கிரில்லுக்காக நான் செய்த இரண்டாவது பெட்டி. முதல் பெட்டி ஒரு கோடையைக்கூட முழுதாகத் தாங்கவில்லை. அதைக் கழற்றி எடுத்த ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால், கருகிய பிளாஸ்டிக் வாடை இன்னும் மூக்கில் ஏறுகிறது.

படகு நிற்பது அமெரிக்காவின் மேரிலாந்தில், அனாப்பொலிசுக்குத் தெற்கே சவுத் ரிவர் ஆற்றில். கொஞ்ச தூரம் ஓட்டினால் செசபீக் விரிகுடா. 34 அடி நீளம், ஃபைபர் கிளாஸ் உடம்பு, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் வரை சனி, ஞாயிறு என்றால் குடும்பமே அதில்தான். இந்தப் பக்கத்தில் ராக்ஃபிஷ் என்று ஒரு மீன் உண்டு. உடம்பில் கோடு கோடாக இருக்கும், மேரிலாந்தின் மாநில மீனே அதுதான். மிளகாய்த்தூளும் இஞ்சி பூண்டும் எலுமிச்சையும் தடவி, ஒரு மணி நேரம் ஊறவைத்துச் சுட்டால் ஊர் நினைப்பு வராது. படகில் சுடுவதற்கு நல்ல வழி இல்லாததுதான் குறை.

முதலில் வைத்திருந்தது கைப்பிடிக் கம்பியில் மாட்டும் கேஸ் கிரில். காற்று அடித்தால் அணைந்துவிடும். எண்ணெய் சொட்டி டெக் முழுக்கக் கறை. அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், புரொப்பேன் வாயுவைப் பொறுத்துக்கொள்ள முடியாது. அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே கலைந்து போகாது, தண்ணீர் மாதிரி கீழே இறங்கிப் படகின் அடிவயிற்றில் தேங்கும். அங்கே ஒரு பம்ப் சுவிட்ச் பொறி தட்டினால் போதும். பிறகு, படகுகளைக் கட்டி நிறுத்தும் எங்கள் மெரினாவில், கட்டி நிற்கும் படகில் நெருப்புப் பற்றவைத்துச் சமைக்கக் கூடாது என்று விதி வந்தது. கேஸ் கிரில்லை விற்றுவிட்டு, படகுக்கென்றே செய்யும் மின்சார கிரில் ஒன்றை வாங்கினேன். 120 வோல்ட், 1,300 வாட். மேலிருந்து பெட்டிக்குள் இறக்கிப் பொருத்தும் வகை. பெட்டியை நாமே செய்துகொள்ள வேண்டும்.

மரவேலை எனக்குப் பிடிக்கும். அதனால் வாங்கிய அன்றே பலகையைத் தேட ஆரம்பித்துவிட்டேன். பக்கத்துப் படகுக்காரர் ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன். என் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "பெட்டி கிடக்கட்டும். ஒரு வாரம் உன் ஆம்பியர் மீட்டரைப் பார்த்து எழுது, அப்புறம் என்னிடம் வா" என்றார். நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் முதல் மாதத்து அவமானங்களைத் தவிர்த்திருக்கலாம்.

கரையிலிருந்து எங்கள் படகுக்கு வருவது 30 ஆம்பியர். கிரில் ஏறக்குறைய 11 ஆம்பியர் இழுக்கும். வெந்நீர் ஹீட்டர் 1,500 வாட், அதாவது 12.5 ஆம்பியர். ஏசி ஓடும்போது 11. பேட்டரி சார்ஜர் 4. கூட்டிப் பாருங்கள், 38-ஐத் தாண்டுகிறது. மீன் பாதி வெந்த நேரத்தில், யாரோ குளித்து முடித்ததும் ஹீட்டர் தானாகப் போட்டுக்கொள்ள, பிரேக்கர் விழும். விருந்தினர் முன்னால் மூன்று முறை விழுந்தது. பிரேக்கர் விழாவிட்டால் எல்லாம் சரி என்றும் நினைக்க வேண்டாம். 30 ஆம்பியர் இணைப்பில் மணிக்கணக்கில் 24 ஆம்பியருக்கு மேல் இழுத்தால் கரையிலிருந்து வரும் கேபிளின் பிளக் கால்கள் சூடேறிக் கருகத் தொடங்கலாம். கருகின பிளக்கை எங்கள் மெரினாவில் எத்தனையோ படகில் பார்த்திருக்கிறேன்.

இதற்கு நான் கண்ட தீர்வு மலிவானது. ஹீட்டருக்கும் கிரில்லுக்கும் சேர்த்து ஒரே மாற்று சுவிட்ச். ஒரு பக்கம் தள்ளினால் ஹீட்டர், மறுபக்கம் தள்ளினால் கிரில். இரண்டும் ஒன்றாக ஓட வழியே கிடையாது. யாரும் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

நங்கூரம் போட்டு நிற்கும்போது கணக்கு வேறு. கரை கரண்ட் இல்லை, இன்வெர்ட்டர்தான். 1,300 வாட்டை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுத்தால், இன்வெர்ட்டரில் போகும் நஷ்டத்தையும் சேர்த்து 120 ஆம்பியர். நாற்பது நிமிடம் முழுச் சூட்டில் ஓடினால் 80 ஆம்பியர்-மணி போய்விடும். பழைய ஈய-அமில பேட்டரியில் இது நடக்காது. 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தாலும் பாதிதான் எடுக்கலாம், இவ்வளவு வேகமாக உறிஞ்சினால் அந்தப் பாதியும் கிடைக்காது. நான் 200 ஆம்பியர்-மணி லித்தியம் பாஸ்பேட் பேட்டரியும் 2,000 வாட் இன்வெர்ட்டரும் போட்டேன். கட்டை விரல் தடிமனில் கேபிள், பேட்டரியை ஒட்டினாற்போல் கிளாஸ்-டி ஃபியூஸ். கிரில்லுக்குக் கொடுத்த காசைவிட இதற்குத்தான் அதிகம் ஆனது. நங்கூரத்தில் சமைக்கும் பழக்கம் இல்லாதவர்கள் இந்தச் செலவை இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டாம். கரையில் கட்டி நிற்கும்போது மட்டும் சுட்டுச் சாப்பிடுங்கள்.

இனி பெட்டி. முதல் பெட்டியை ஹெச்.டி.பி.இ. பலகையில் செய்தேன். அடுப்படியில் காய் நறுக்க வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை வைத்திருப்போமே, அதே பொருள்தான். மக்காது, பெயின்ட் வேண்டாம், மரம் அறுக்கும் ரம்பத்திலேயே அறுபடும். படகுக்காரர்கள் எல்லோரும் இதை விரும்ப இவ்வளவு காரணம் உண்டு. மேசை, தூண்டில் செருகி, டப்பா வைக்கும் தட்டு எல்லாவற்றுக்கும் அது தங்கம். ஆனால் 130 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகும் பொருள் அது, தொய்வதோ அதற்கு வெகு முன்னாலேயே. கிரில்லோடு வந்த தாளில் சுற்றிலும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று தெளிவாகப் போட்டிருந்தது. நடைபாதை குறுகுகிறதே என்று பின்பக்கம் 8 மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொண்டேன். திறப்பின் அளவை அப்படியே பின்பற்றியவன், இடைவெளியை மட்டும் யோசனை சொன்ன மாதிரி எடுத்துக்கொண்டேன்.

ஜூலையில் ஒரு நாள் நண்பர்கள் இரண்டு குடும்பம். கிரில் ஒன்றரை மணி நேரம் இடைவிடாமல் ஓடியது. "ஏங்க, ஏதோ பொசுங்குற வாசனை வருதே, மீன் இல்லை" என்றாள் மனைவி. குனிந்து பார்த்தால் பின்சுவர் அப்பளம் மாதிரி நெளிந்து கிரில்லின் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. தீப்பிடிக்கவில்லை. அதிர்ஷ்டம் என்றே சொல்வேன்.

இரண்டாவது பெட்டிக்கு 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட். வெட்டின ஒவ்வொரு விளிம்புக்கும், துளைத்த ஒவ்வொரு ஓட்டைக்கும் எபாக்ஸி மூன்று கோட்டு. பிளைவுட் ஊறிச் சாவதெல்லாம் விளிம்பு வழியாகத்தான். மேலே வெயில் தாங்க இரண்டு பாகம் கலக்கும் பாலியூரித்தேன் பெயின்ட். எபாக்ஸியை வெறுமனே விட்டால் வெயில் அதைப் பொடியாக்கிவிடும். மரமும் நாளாவட்டத்தில் சூட்டில் கருகும் என்பதால், கிரில்லைச் சுற்றி 30 மில்லிமீட்டர் காற்றிடைவெளி விட்டு, நடுவில் மெல்லிய அலுமினியத் தகடு ஒன்றைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தினேன். தகட்டின் அடியும் மேலும் திறந்தே இருக்கும். பெட்டியின் அடியில் காற்று உள்ளே வரவும், பின்பக்கம் உயரத்தில் வெளியே போகவும் துவாரங்கள். சூடான காற்று தானே ஏறும், ஃபேன் தேவையில்லை. முடித்ததும் அரை மணி நேரம் முழுச் சூட்டில் வெறுமனே ஓடவிட்டு, தூரத்திலிருந்து சூடு காட்டும் துப்பாக்கியால் பின்சுவரைப் பார்த்தேன். கை வைக்கும் சூடுதான். இந்தச் சோதனையை முதல் பெட்டிக்குச் செய்திருக்க வேண்டும்.

அளவெடுப்பது பற்றி ஒரு வார்த்தை. வீட்டு ஆசாரியின் பையில் முதலில் இருப்பவை ரசமட்டமும் மூலைமட்டமும். படகில் அவற்றை மூடி வைத்துவிடலாம். தண்ணீரில் ரசமட்டத்தின் குமிழ் நிற்காது. குளிர்காலத்தில் கரையேற்றித் தாங்கிகள் மேல் நிறுத்தும்போதும் படகு மட்டமாக நிற்பதில்லை. டெக் நடுவில் மேடு, ஓரம் சரிவு, சுவர்கள் ஒன்றுக்கொன்று நேரில்லை. அட்டைப்பெட்டியைக் கிழித்து, டேப் ஒட்டி, முழுப் பெட்டியையும் அட்டையிலேயே செய்து இரண்டு வாரம் டெக்கில் வைத்துப் பழகினேன். ஓட்டுநர் இருக்கை சுழலும்போது மூலையில் இடிக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு மூலையைச் சீவி வளைத்தேன். அட்டைக்குச் செலவு பூஜ்யம்.

டெக்கில் பொருத்துவதில்தான் நிறையப் பேர் படகையே கெடுத்துக்கொள்கிறார்கள். மேலே ஃபைபர் கிளாஸ், கீழே ஃபைபர் கிளாஸ், நடுவில் பால்சா மரம் என்று பல டெக்குகள் இருக்கும். ஸ்குரூ ஓட்டை வழியே தண்ணீர் இறங்கினால் நடு மரம் அழுகி, மிதித்தால் அமுங்கும். அதனால் வேண்டியதைவிடப் பெரிய ஓட்டை போட வேண்டும். வளைத்த ஆணியை டிரில்லில் மாட்டிச் சுழற்றி, உள்ளே சுற்றியிருக்கும் பால்சாவைச் சுரண்டி எடுக்க வேண்டும். அந்தக் குழியில் கெட்டியாகக் கலந்த எபாக்ஸியை நிரப்பி, இறுகிய பின் அதன் நடுவில் சரியான அளவுக்குத் துளை. இப்போது தண்ணீர் இறங்கினாலும் மரத்தைத் தொடாது. முதல் பெட்டியை நிரந்தரமாகப் பிடிக்கும் பாலியூரித்தேன் ஒட்டில் வைத்திருந்தேன். அதைப் பிரிக்கும்போது டெக்கின் மேல்தோலும் கையகலத்துக்குப் பிய்ந்து வந்தது. இரண்டாவதற்கு பியூட்டைல் டேப்தான். கழற்ற வேண்டுமானால் கழன்றுவரும். படகில் என்றாவது கழற்ற வேண்டிவராத பொருள் எதுவும் இல்லை. திருகாணிகள் எல்லாம் 316 தர ஸ்டெயின்லெஸ். அவை அலுமினியத்தைத் தொடும் இடத்தில் மட்டும் இடையில் பசை தடவ மறந்தால் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து அரித்துவிடும்.

பெட்டிக்கு மூடி உண்டு. மூடினால் மேசை. நண்பரின் மகன் ஒருநாள், கிரில் ஓடும்போதே மூடியைச் சாத்தி மேலே ஜூஸ் டம்ளரை வைத்துவிட்டான். பிள்ளையைத் திட்டி என்ன பயன்? மூடி என்றால் மூடத்தான் தோன்றும். கீலுக்குப் பக்கத்தில் தண்ணீர் புகாத சின்ன சுவிட்ச் ஒன்று வைத்து, 12 வோல்ட் ரிலே வழியாகக் கிரில்லின் கரண்டைக் கட்டிவிட்டேன். மூடி முழுதாகத் திறந்திருந்தால்தான் கிரில் எரியும். அணைத்த பிறகும் அரை மணி நேரம் மூடியைத் திறந்தே வைக்க வேண்டும் என்பதற்கு மட்டும் சுவிட்ச் கிடையாது, பெரியவர்கள் யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும்.

ஒயரிங்கைத் தெரிந்தவரிடம் விடுங்கள். வெள்ளீயம் பூசிய பல இழை ஒயர், ஒற்றைக் கம்பி ஒயர் கூடாது, கசிவு கண்டால் வெட்டிவிடும் ஜி.எஃப்.சி.ஐ. கட்டாயம். இவை மூன்றையும் அவர் சொல்லாமலே செய்கிறாரா என்று பாருங்கள். இந்த ஜி.எஃப்.சி.ஐ. பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் குளிர்காலம் முடிந்து ஏப்ரலில் கிரில்லைப் போட்டதும் அது வெட்டியது. மறுபடி போட்டால் மறுபடி வெட்டியது. ஒயரை எல்லாம் பிரித்துப் பார்த்து இரண்டு நாள் வீண். கடைசியில் பக்கத்துப் படகுப் பெரியவர்தான் காரணம் சொன்னார். சூடாக்கும் கம்பியைச் சுற்றி உள்ளே அடைத்திருக்கும் பொடி, மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்த ஈரம் வழியாகக் கசிவது 5 மில்லி ஆம்பியர்தான் என்றாலும் வெட்டுவதற்கு அது போதும். கம்பியை வீட்டுக்கு எடுத்துப் போய் ஓவனில் மிதமான சூட்டில் மூன்று மணி நேரம் வைத்தேன். சரியாகிவிட்டது. இப்போது நவம்பரில் கிரில்லையே கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுகிறேன். எரிச்சலில் அந்த ஜி.எஃப்.சி.ஐ.யைத் தாண்டி நேராக ஒயர் கொடுத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் எனக்கும் தோன்றியது. அப்படிக் கொடுத்த படகுகள் இருக்கின்றன.

அதனால் ஒரு வேண்டுகோள். கரை கரண்டில் படகுகள் நிற்கும் மெரினாத் தண்ணீரில் பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள். ஏதோ ஒரு படகிலிருந்து தண்ணீரில் கசியும் மின்சாரம், நீந்துபவரின் கைகால்களை இயங்கவிடாமல் செய்து மூழ்கடித்துவிடும். உப்புக் குறைந்த ஆற்று நீரில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். கண்ணுக்கு எதுவும் தெரியாது. குளிக்க வேண்டுமென்றால் படகை அவிழ்த்து, விரிகுடாவுக்குப் போய் நங்கூரம் போடுங்கள்.