எனது உடல் என்று சொல்பவர் யார்?



அன்புக்கொடி மக்களே, கடலூர் மாவட்டத்துப் பெண்ணாடத்தில் பிறந்தவர் மெய்கண்டார். 13ஆம் நூற்றாண்டில் அவர் செய்த சிவஞானபோதம் 12 நூற்பாக்களே கொண்ட சிறு நூல். அது சைவ நூல்; நம்முடைய அகிலத்திரட்டு 1841இல் எழுந்தது. ஆனாலும் அதன் 3ஆம் நூற்பா எடுத்துக்கொண்ட கேள்வி நமக்கும் உரியது: உடலுக்குள் உயிர் என்று தனியே ஒன்று உண்டா?

உண்டு என்பதற்கு அவர் காட்டும் காரணங்கள் வீட்டுப் பேச்சிலிருந்தே எடுத்தவை போல இருக்கும். என் வீடு, என் மாடு என்பது போலவே என் கை, என் உடல் என்கிறோம். மாடு நான் அல்ல. உடலும் நான் அல்ல. கண் நிறத்தை அறியும், ஓசையை அறியாது. காது ஓசையை அறியும், நிறத்தை அறியாது. ஐந்தையும் சேர்த்து அறிகிறவர் ஒருவர் வேண்டும். தூக்கத்தில் உடல் கிடக்கிறது, மூச்சும் ஓடுகிறது. உண்பதும் உழைப்பதும் இல்லை. ஆகவே உடல் மட்டுமே செய்கிறவர் அல்ல. இவற்றுக்கெல்லாம் முன்னே அவர் வைத்த காரணம்தான் கூர்மையானது. இது நான் அல்ல, இதுவும் நான் அல்ல என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனால், தள்ளுகிறவர் மிஞ்சுகிறார். உயிரே இல்லை என்று சொல்லவும் ஒருவர் வேண்டுமே!

இது வெறும் வாதம் அல்ல. உயிர் வேறு, உடல் வேறு என்றால், பிறந்த உடலைப் பார்த்து ஒருவரை வாசலில் நிறுத்துவது எப்படிச் சரியாகும்? தில்லை எல்லையில் நந்தனார் நின்றார். தீயில் புகுந்து எழுந்த பின்பே உள்ளே போனார் என்று பெரியபுராணம் சொல்லும். அவர் பக்தியில் யாரும் குறை காணவில்லை. உடல்தான் தடை. பின்னாளில், சிதம்பரத்தை அடுத்த கொற்றவன்குடியில் இருந்த உமாபதி சிவம், விறகு கொண்டுவந்த பெற்றான் சாம்பானுக்குத் தீக்கை கொடுத்தார் என்பது வழிவழிச் செய்தி. தீயில் இறங்கு என்று அவர் சொல்லவில்லை. சித்தாந்தம் படித்தவர் அப்படித்தான் செய்ய முடியும்.

அய்யா வைகுண்டர் இதை ஒருவருக்காக மட்டும் செய்யவில்லை. தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்டிருந்த திருவிதாங்கூர் மக்களை, தலைப்பாகையோடு வந்து வணங்கச் சொன்னார். நம் பள்ளியறைக் கண்ணாடியில் தெரிவதும் வெயிலில் உழைத்துக் கறுத்த அதே முகம்தான். சித்தாந்தம் உயிரையும் இறைவனையும் இரண்டாகவே நிறுத்தும். நாம் ஏகம் என்கிறோம். இந்த வேறுபாட்டை மறைக்க வேண்டியதில்லை.

இனி, "எல்லாம் கலியின் வேலை, நான் என்ன செய்ய?" என்று நம்மில் சிலர் சொல்கிறார்களே, அதைப் பார்ப்போம். குடித்துவிட்டு வருகிறவரும் இதையேதான் சொல்கிறார். கலி மனத்தில் புகும் மாயை என்பது உண்மை. ஆனால் இது நான் அல்ல என்று உடலையே தள்ளத் தெரிந்தவருக்கு, இது வேண்டாம் என்று ஓர் எண்ணத்தைத் தள்ளத் தெரியாதா? மெய்கண்டாரின் நூற்பா இவ்வளவு தூரம் போகவில்லை. இது நாம் எடுத்துவைக்கும் அடுத்த படி. தள்ள முடியாது என்றால் அய்யா யாருக்குப் புத்தி சொன்னார்? கல்லுக்கு யாரும் புத்தி சொல்வதில்லை.

நினைத்த உடனே மனம் மாறிவிடாது என்பதும் அய்யாவுக்குத் தெரியும். அதனால்தான் வாகைப்பதியில் துவையல் தவசு. 700 குடும்பத்தார் கடலோரம் தங்கி, நாள்தோறும் குளித்து, துணி துவைத்து, எளிய உணவு உண்டு வாழ்ந்தார்கள். மனத்தின் அழுக்கைப் போக்க உடலையே கருவியாகக் கொண்டார்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பணிவிடை முடிந்ததும் தாங்கலில் பிள்ளைகளிடம் கேளுங்கள்: தூங்கும்போது 'நான்' எங்கே போகிறது? அவர்கள் சொல்வதைத் திருத்தாமல் எழுதிவையுங்கள். மறுவாரம் அதிலிருந்தே பேசலாம்.