துப்பறியும் நாவலும் நாமும்

நூல் நிலையத்தில் நம்முள் ஒவ்வொருவருக்கும் பழகிப்போன அலமாரி ஒன்று உண்டு. சிலர் சமூக நாவல்களையே நாடுவர். சிலர் சரித்திரக் கதைகளை விட்டு அகலார். சிலர் புனிதர்களின் வரலாறுகளோடு நின்றுவிடுவர். துப்பறியும் நாவலை மட்டும் வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். கொலையும் களவும் நிறைந்த கதையால் பெண் பிள்ளைகளுக்கு என்ன நன்மை என்று பெற்றோர் கேட்பதும் நியாயமே. அக்கேள்விக்கு விடை காண முயல்வோம்.

அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1841-ல் எழுதிய சிறுகதையே இவ்வகைக்கு வழிகாட்டி என்பர். தமிழில் பண்டித நடேச சாஸ்திரியார் 1894-ல் தானவன் என்னும் போலீஸ் நிபுணனைப் படைத்தார். அவருக்குப் பின் ஆங்கிலக் கதைகளைத் தழுவி ஏராளமான துப்பறியும் நாவல்களைத் தந்தவர் ஆரணி குப்புசாமி முதலியார். பட்டுக்குப் பேர்போன ஆரணி இன்று நம் திருவண்ணாமலை மாவட்டத்து ஊர் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. பள்ளி சென்று பயிலாத வை. மு. கோதைநாயகி அம்மாளும் துப்பறியும் கதைகள் எழுதினார். 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழையும் நடத்தினார். ஆகவே இவ்வகை நமக்கு அந்நியமானதன்று. பெண்களுக்கு விலக்கானதும் அன்று.

மற்ற கதைகளைப் படிக்கும்போது நாம் கதாசிரியரின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னே செல்கிறோம். துப்பறியும் கதையிலோ அவருக்கு முன்னே ஓடப் பார்க்கிறோம். இதில் அவர் நம்மை ஏமாற்றலாகாது என்பதற்காக, இங்கிலாந்தின் கத்தோலிக்க குருவான ரொனால்டு நாக்ஸ் 1929-ல் பத்து விதிகளை வகுத்தார். குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே வந்துவிட வேண்டும்; துப்பறிபவர் கண்ட தடயம் வாசகருக்கும் தெரிய வேண்டும்; தற்செயலான நிகழ்ச்சியால் உண்மை வெளிப்படலாகாது என்பன அவற்றுள் சில. எனவே கடைசி அத்தியாயத்தில் நாம் திகைத்தால், தடயம் இல்லாததன்று காரணம். கண்ணெதிரே இருந்ததை நாம் கவனிக்கவில்லை.

செஸ்டர்டன் படைத்த பிரௌன் பாதிரியாரை எடுத்துக்கொள்வோம். 1910-ல் வெளிவந்த முதற்கதையில், நீலக்கற்கள் பதித்த சிலுவையைக் களவாட ஃபிளாம்போ என்னும் பெருந்திருடன் குருவைப்போல் வேடமிட்டு உடன் வருகிறான். பாதிரியார் உணவகத்தில் உப்பையும் சர்க்கரையையும் இடம் மாற்றி வைக்கிறார். ஒரு சுவரின்மேல் சூப்பை ஊற்றுகிறார். காவல் அதிகாரி பின்தொடர வேண்டுமென்றே விட்டுச்சென்ற அடையாளங்கள் அவை! திருடன் மனித அறிவையே இகழ்ந்து பேசியபோது, அவன் மெய்யான குரு அல்லன் என்பது அவருக்கு உறுதியாகிறது. பிற்காலக் கதைகளில் அந்த ஃபிளாம்போ மனந்திரும்பித் துப்பறிபவனாகவே மாறுகிறான். குற்றத்தைக் கண்டுபிடிப்பதோடு, குற்றவாளியை மனிதனாகக் காணவும் இக்கதைகள் கற்பிக்கின்றன.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் தானியேல் ஆகமத்தின் 13-ஆம் அதிகாரத்தில் சூசன்னாவைக் காண்கிறோம். முதியோர் இருவர் பொய்க்குற்றம் சாட்ட, சபை அவளுக்கு மரண தண்டனை விதித்துவிடுகிறது. இளைஞரான தானியேல் அவ்விருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் அவளைக் கண்டீர்கள் என்று வினவுகிறார். ஒருவர் ஒரு மரத்தைச் சொல்ல, மற்றவர் வேறொரு மரத்தைச் சொல்லுகிறார். ஒரே கேள்வியில் ஓர் உயிர் பிழைத்தது!

சிலப்பதிகாரத்திலோ அக்கேள்வி காலம் கடந்தே வருகிறது. பொற்கொல்லனின் சொல்லை நம்பிய பாண்டியன், விசாரியாமலே கோவலனைக் கொல்விக்கிறான். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து; கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து தெறித்ததோ மாணிக்கம். சிலம்பை முன்பே சோதித்திருந்தால் கோவலனும் பிழைத்திருப்பான், மதுரையும் எரிந்திராது.

இவ்வகை நாவலைப் புதிதாகப் படிக்கும் மாணவியர் மூன்றைக் கடைப்பிடித்தல் நலம். முதலாவதாக, கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தல் கூடாது. இரண்டாவதாக, ஒவ்வோர் அத்தியாயம் முடிந்ததும் யார் மீது ஐயம், அதற்குச் சான்று என்ன என்று ஒரு தாளில் குறித்து வர வேண்டும். மூன்றாவதாக, கதை முடிந்தபின் எங்கே ஏமாந்தோம் என்று திரும்பிப் பார்க்க வேண்டும். ஏழை என்பதாலோ, முகம் பிடிக்காததாலோ, அதிகம் பேசாததாலோ ஒருவரைச் சந்தேகித்திருந்தோமானால் அதையும் குறித்துக்கொள்வோம். இரத்தத்தையும் ஆபாசத்தையும் காட்டியே விற்கும் மலிவான கதைகளும் கடைகளில் உண்டு. அவற்றை விலக்கி நல்லவற்றைத் தேர்ந்தெடுக்க ஆசிரியையரின் உதவியை நாடலாம்.

வகுப்பில் ஒரு மாணவியின் பணம் காணாமற்போகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே ஒருத்தியின் பெயர் காதுக்குக் காது பரவுகிறது. "அவள்தான் எடுத்திருப்பாள்" என்பதற்குச் சான்று கேட்பார் எவருமில்லை. பணம் பிறகு புத்தகப் பையின் அடியிலேயே கிடைத்துவிடலாம். அப்பெண் பட்ட அவமானத்தை யார் துடைப்பது? அந்த வேளையில், "யார் பார்த்தது? எப்போது? எங்கே?" என்று கேட்கும் ஒரு குரல் நம்மிடமிருந்து எழ வேண்டும். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். அதைப் பழகிக்கொள்ள ஒரு நல்ல துப்பறியும் நாவல் உதவுமாயின், விடுமுறையில் ஒன்றேனும் படித்துப் பார்ப்போமே!